தைத்த அண்ணமும் தப்பிய ஒலியும்

வாயின் மேற்கூரையில் முன்பகுதி எலும்பாலான வன்னண்ணம், பின்பகுதி தசையாலான மென்னண்ணம். க, ட, ப போன்ற வல்லின ஒலிகள் பிறக்க வேண்டுமானால் மென்னண்ணம் மேலெழுந்து, தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, காற்று மூக்கிற்குள் ஏறாதபடி அடைத்தாக வேண்டும். பிறவியிலேயே அண்ணம் பிளந்த குழந்தைக்கு இவ்வடைப்பு வாய்ப்பதில்லையாதலால், ‘ப’ ஏறக்குறைய ‘ம’ ஆகிவிடுகிறது. வாயில் தங்காத காற்றைக் குரல்வளையிலேயே வெட்டி நிறுத்திப் பேசும் பழக்கமும் பல குழந்தைகளிடம் ஊன்றிவிடுகிறது. ஐரோப்பிய அறுவை மருத்துவர்களோ நெடுங்காலம் பிளவைப் பார்த்தனரே ஒழியப் பேச்சைக் கேட்கவில்லை.

1819இல் பாரிசில் பிலிபேர் ரூ என்ற மருத்துவர், கனடாவிலிருந்து வந்த மருத்துவ மாணவர் ஜான் ஸ்டீபன்சனின் பிளந்த மென்னண்ணத்தைத் தைத்தார். அச்சிகிச்சையையே பொருளாக்கி மறு ஆண்டு எடின்பரோவில் இலத்தீன் மொழியில் ஆய்வேடு அளித்த ஸ்டீபன்சன், பின்னர் மாண்ட்ரியலில் மருத்துவப் பள்ளி நிறுவியோருள் ஒருவராகி, உடற்கூற்றியல் விரிவுரையும் ஆற்றினார். தைத்தால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை; ஆனால் மென்னண்ணம் மட்டுமே பிளந்திருந்த ஒருவரின் வெற்றியை எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்துப் பார்க்க இடமில்லை.

1861இல் பெர்லினின் லாங்கன்பெக், எலும்பைப் போர்த்திய உறையையும் அதன் மேலுள்ள சவ்வையும் சேர்த்தே பெயர்த்து நடுவில் இணைக்கும் முறையை வெளியிட்டபின் வன்னண்ணப் பிளவும் மூடலாயிற்று. எனினும் தழும்பேறிய அண்ணம் பலருக்குக் குட்டையாகவும் விறைப்பாகவும் நின்று, பின்சுவரை எட்டாமற்போயிற்று. தையல் பிழைத்தது, மூக்கொலி போகவில்லை. இக்குறையை உணர்ந்த பிராங்பர்ட் மருத்துவர் பாசவான்ட், பேசும்போது தொண்டைச் சுவரில் புடைத்தெழும் தசைமேட்டை 1860களில் விவரித்தார். அதே பத்தாண்டில் பல் மருத்துவர் சூர்சன், தொண்டைத் தசைகள் பற்றிக்கொள்ளத்தக்க குமிழுடைய அடைப்புக் கருவியை அமைத்தார். கத்தியைவிடக் கருவியே நல்ல பேச்சைத் தருகிறது என்று பல் மருத்துவர்கள் வாதிட்டது வெறும் தொழிற்போட்டி அன்று. காதால் அளந்தவர்கள் அவர்களே.

அறுவை மருத்துவர்களுள் அவ்வளவுகோலை முழுமையாக ஏற்றவர் பாரிசின் விக்டர் வோ. பிரிந்து கிடந்த தசைகளையே இணைக்க வேண்டும் என்று வற்புறுத்திய அவர், 1931இல் வெளியிட்ட நூலில் குழந்தைகளின் பேச்சைக்கொண்டே தம் சிகிச்சையின் பயனை மதிப்பிட்டு, வயது ஏற ஏற அப்பயன் குறைவதையும் காட்டினார். ஒலியியல் பயின்ற சுசான் போரெல்-மேசோனி அவருடன் பணியாற்றி, அறுவைக்குப் பின்னும் நீடித்த பிழைப்பழக்கங்களை நீக்கிக் காற்றை வாய்வழி செலுத்தப் பயிற்றினார். அவ்வாறு வளர்ந்த பேச்சுப் பயிற்சித் தொழிலுக்குப் பிரான்சு 1964இல் சட்டத்தின்மூலம் தனித் தகுதிச் சான்றிதழ் வகுத்தது.