யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி

யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, இலங்கையின் வடக்கே யாழ்ப்பாண நகரின் சுண்டிக்குளியில் உள்ள ஆண்கள் பள்ளி. இலங்கை வழக்கப்படி கல்லூரி எனப்படும் இது, ஆரம்ப வகுப்புகள் முதல் உயர்தரம் வரை கற்பிக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.) 1823இல் இதைத் தொடங்கியது. ஆட்சியும் சட்டமும் பலமுறை மாறியபோதும் இப்பள்ளி நிலைத்ததற்கு, அதைத் தங்கள் சொத்தாகக் கருதிய ஆசிரியர்களும் பெற்றோரும் பழைய மாணவர்களுமே முதற்காரணம்.

வரலாறு

1818இல் இலங்கைக்கு வந்த சி.எம்.எஸ். சங்கத்தின் முதல் நான்கு மிஷனரிகளில் ஒருவர் ஜோசப் நைட். அவர் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே இக்கல்லூரியின் வேர். 1840களில் அது சுண்டிக்குளிக்கு இடம் மாறிச் சுண்டிக்குளி செமினரி ஆனது. அருகிலுள்ள பரிசுத்த யோவான் தேவாலயத்தின் பெயரை 1891இல் ஏற்றுக்கொண்டது. பெண்களுக்கான சுண்டிக்குளி மகளிர் கல்லூரியை மேரி கார்ட்டர் 1896இல் தொடங்கினார்.

மிஷன் பள்ளிகளின் பெருக்கம் சைவர்களையும் பள்ளி கட்டத் தூண்டியது. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இந்தப் போட்டியால் யாழ்ப்பாணத்தில் கல்வி வேகமாகப் பரவியது.

திருச்சபைத் தொடர்பு

 கடலுக்கு அப்பால், தமிழகத்தில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியில் இதே சி.எம்.எஸ். சங்கத்தின் மிஷனரி ராக்லண்ட் 1854 முதல் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்தார். பின்னாளில் இரு கரைகளின் பாதைகளும் பிரிந்தன. திருநெல்வேலி ஆங்கிலிக்கர்கள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தார்கள். யாழ்ப்பாண ஆங்கிலிக்கர்கள் இணையவில்லை. ஆகவே பரி. யோவான் இன்றும் இலங்கைத் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டத்தைச் சார்ந்த பள்ளி. சைவக் குடும்பப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.

பள்ளி வாழ்வு

காலை வழிபாடு, விடுதி, இல்லங்கள், மாணவ முதல்வர்கள் என்னும் ஆங்கிலப் பள்ளி மரபு இங்கே தமிழ் மண்ணில் வேரூன்றியது. ஜோன்ஸ்டன், பார்ஜிட்டர், ஹாண்டி, தொம்சன், பீற்றோ ஆகிய முன்னாள் அதிபர்களின் பெயர்களையே இல்லங்கள் தாங்கியுள்ளன. மாணவர் ஒவ்வொருவரும் ஓர் இல்லத்தைச் சேர்ந்தவர். இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்குப் பெற்றோரும் திரள்வார்கள்.

ஆண்டின் பெருவிழா கிரிக்கெட். மெதடிஸ்த மிஷன் வழிவந்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியுடன் ஆடும் ஆட்டத்தை 'வடக்கின் பெருஞ்சமர்' என்பார்கள். 1904இல் தொடங்கிய இந்தத் தொடர் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடைபட்டது. ஆட்ட நாட்களில் இரு பள்ளிகளின் கொடிகளோடு நகரமே இரண்டு அணியாகிறது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களும் ஊர் திரும்புகிறார்கள்.

சோதனைக் காலம்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு உதவிபெற்ற பள்ளிகளை இலங்கை அரசு ஏற்கத் தொடங்கியது. தனித்து நிற்க விரும்பிய பள்ளி அரசு மானியத்தை இழந்ததோடு, கல்விக் கட்டணமும் வாங்க முடியவில்லை. பரி. யோவான் அந்தக் கடினமான வழியைத் தேர்ந்தது. ஆசிரியர் சம்பளம் முதற்கொண்டு எல்லாச் செலவுக்கும் நலம்விரும்பிகளின் கையை நம்பவேண்டிய நிலையில், பள்ளிச் சமூகம் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றது.

உள்நாட்டுப் போர் அதைவிடக் கொடியது. 1976 முதல் அதிபராக இருந்த சி. இ. ஆனந்தராஜன் 1985 ஜூன் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தார்கள். மறு ஆண்டு அவர்கள் திரும்பத் தொடங்கியதும் வகுப்புகளும் உயிர்பெற்றன.

பழைய மாணவர்

தமிழரசுக் கட்சியை 1949இல் நிறுவிய எஸ். ஜே. வி. செல்வநாயகமும், கணிதப் பேராசிரியரும் அரசியல்வாதியுமான சி. சுந்தரலிங்கமும் இங்கே படித்தவர்கள். கொழும்பிலும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நாடுகளிலும் பழைய மாணவர் சங்கங்கள் இயங்குகின்றன. 2023இல் கல்லூரி இருநூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. தமிழர் கல்வி வரலாற்றில், திருச்சபை விதைத்ததைச் சமயம் கடந்து ஒரு சமூகமே காத்து வளர்த்ததற்கு இப்பள்ளி சிறந்த சான்று.