மலைச்சாலையின் சமிக்ஞை விளக்கு

மதுரை ஜில்லாவின் மேற்கு ஓரமாயிருந்து 1996-இல் தனி மாவட்டமாகிய தேனிச் சீமையில், கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து குமுளிக்கோ, போடியிலிருந்து போடிமெட்டுக்கோ மோட்டார் சைக்கிளில் மலையேறிய பழைய தலைமுறையினர், திசை காட்டும் விளக்கு வருமுன் கைச்சமிக்ஞையையே நம்பிப் பிரயாணம் செய்தனர். வலப்புறம் திரும்ப வலக்கரத்தை நீட்டவேண்டும் என்பது விதி. வேகத்தை ஆளும் முறுக்குப்பிடியும் அதே கரத்தில் இருக்க, ஏற்றத்தில் அதை விடுவது எத்தனை சிரமம்!

1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட் வெகுகாலம் ஆறு வோல்ட் மின்சாரத்தையே கொண்டிருந்தது. பின்னர் பரவிய, திசை விளக்கைச் சிமிட்டவைக்கும் ஃபிளாஷர் என்னும் சிறு டப்பியை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய ரகத்தில், இரு உலோகங்கள் ஒட்டிய தகடு மின்சாரத்தின் உஷ்ணத்தால் வளைந்து தொடர்பை அறுத்து, குளிர்ந்ததும் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். ஒரு பல்பு பழுதானாலோ, பேட்டரியின் சக்தி குன்றினாலோ, தகடு போதிய சூடேறாமல், எஞ்சிய விளக்கு சிமிட்டாது எரிந்து நிற்கும். எலெக்ட்ரானிக் ஃபிளாஷர்கள் பலவற்றில் இதற்கு மாறாக, ஒரு பல்பு போனால் மற்றது படபடவென்று துரிதமாகச் சிமிட்டும்.

ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பல்பைப் பரிசோதித்து, பிறகு மழையீரத்தால் களிம்பேறிய ஹோல்டரையும் எர்த் ஒயரின் முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, அதன்பின்னரே ஃபிளாஷரைத் தொடுவார். பக்க விளக்குகள் தனித்தனியே இயங்கியும், நான்கும் ஒருசேரச் சிமிட்டும் அபாய விளக்கு மட்டும் மறுத்தால், அவர் பார்வை அதன் சுவிட்சுக்கும், இருமடங்கு பளுவைத் தாங்கவேண்டிய பேட்டரிக்கும் செல்லும்.