பெயர் திருத்திய வைத்தியர்: சீன மூலிகை நூல்களின் வரலாறு

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது. இட்ட பெயரை ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை பிறழாமற் காத்தல் அரிது. ஏனைய துறைகளிற் பெயர் பிறழ்ந்தாற் கருத்து மயங்கும். மருத்துவத்திற் பெயர் பிறழ்ந்தால் உயிர்க்கே இறுதி நேரும். சீன தேசத்து மூலிகை வைத்தியத்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, இந்த ஒரு கவலை அதன் நெடுகிலும் இழையோடி நிற்றலைக் காணலாம். அதனையே இன்று நேயர்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

சீனர் தம் மருத்துவத்தின் தோற்றத்தைச் சென்னுங் என்னும் புராண வேந்தனிடம் கொண்டு சேர்ப்பர். மக்களுக்கு உழவைக் கற்பித்தவனும், பூண்டுகளைத் தானே சுவைத்து அவற்றின் குணங்களை உணர்ந்தவனும் அவனே என்பது ஐதிகம். அவன் பெயரால் வழங்கும் மருந்து நூலோ, ஹான் பேரரசர் காலத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டதாகும். ஆண்டின் நாட்களுக்கொப்ப 365 மருந்துகள் அதிற் கூறப்பட்டன. அவை மூன்று தரமாக வகுக்கப்பட்டன. நெடுங்காலம் உண்டாலும் தீங்கு செய்யாது உடலைப் பேணுவன 120. அளவறிந்து உண்ணத்தக்கன 120. நஞ்சுடைமையால் நோய் தீருமளவே கொடுக்கத்தக்கன 125. ஒவ்வொரு மருந்துக்கும் சுவையும் தட்பவெப்பக் குணமும் குறிக்கப்பட்டன. நம் வைத்தியர் சுவை ஆறென்பர். சீனர் துவர்ப்பைப் புளிப்பினுள் அடக்கிச் சுவை ஐந்தென்பர்.

தனி மூலிகையை அறிதல் ஒன்று. பலவற்றைக் கூட்டிக் கொடுத்தல் மற்றொன்று. இக்கூட்டு முறைக்கு இலக்கணம் வகுத்தவருள் முதன்மையானவர் கி. பி. 200-ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த சாங் சொங்சிங் என்பவர். இருநூற்றுக்கு மேற்பட்ட தம் சுற்றத்தாருள் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுகளுக்குள் மாண்டனர் என்றும், அவருட் பெரும்பாலோரைக் கொண்டது காய்ச்சலே என்றும் அவர் தம் நூலின் முகவுரையில் வருந்தி எழுதினார். அவர் வகுத்த குடிநீர்களுள் ஒன்று மிக எளியது. கறுவா இனத்து மரத்தின் கொம்பு, பியோனிச் செடியின் வேர், இஞ்சி, இலந்தைப் பழம், அதிமதுர இனத்து வேர் ஆகிய ஐந்தே அதன் சரக்குகள். அதனைப் பருகியபின் சூடான கஞ்சி குடித்துப் போர்த்துக் கிடந்து, மெல்ல வியர்க்கச் செய்தல் வேண்டும் என்பது விதி. இத்தகைய கூட்டில் ஒரு சரக்கு அரசன், ஒன்று அமைச்சன், ஒன்று துணைவன், ஒன்று தூதன். அரசன் நோயை எதிர்ப்பான். ஏனையோர் அவனுக்கு வலியூட்டியும் அவன் கடுமையைத் தணித்தும் நிற்பர். வச்சநாவியின் இனத்ததாகிய கிழங்கையும் அவர் கையாண்டார். நம்மவர் ‘சுத்தி செய்தல்’ என்பதுபோலச் சீனரும் அதனைப் பதப்படுத்தி, நெடுநேரங் காய்ச்சி நஞ்சைத் தணித்தே பயன்படுத்தினர்.

காலம் செல்லச் செல்ல மருந்துகள் பெருகின. கி. பி. 659-இல் தாங் பேரரசின் ஆணையால், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மூலிகைகளின் உருவப் படங்களை வருவித்து, 850 மருந்துகளைக் கூறும் நூலொன்று இயற்றப்பட்டது. எனினும், ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையும், ஊர்தோறும் வேறுபடும் வழக்கும் சேர்ந்து பெருங் குழப்பத்தை விளைத்தன. ஒரே செடி இரு பெயரால் ஈரிடத்தில் நின்றது. வெவ்வேறாகிய இரு செடிகள் ஒரு பெயரின் கீழ் ஒடுங்கின.

இக்குழப்பத்தைத் தீர்க்கப் புகுந்தவரே லீ ஷிசென். அவர் 1518-ஆம் ஆண்டு ஹூபே மாகாணத்தில் வைத்தியக் குடும்பமொன்றிற் பிறந்தார். மகன் அரசாங்க உத்தியோகம் பெறவேண்டுமென்பது தந்தையின் ஆசை. மகனோ மாகாணப் பரீட்சையில் மும்முறை தவறினார். பரீட்சையிற் தவறிய மாணாக்கரின் முகங்களைப் பல்லாண்டு கண்டு பழகிய எனக்கு, இச்செய்தியைப் படிக்குந்தோறும் ஓர் ஆறுதல் பிறப்பதுண்டு. அப்பரீட்சையில் அவர் தேறியிருப்பின், எங்கேனும் ஓர் அலுவலகத்திற் கோப்புக்களைப் புரட்டி மறைந்திருப்பார்.

1552 முதல் 27 ஆண்டுகள் அவர் உழைத்தார். எண்ணூறு நூல்வரை கற்றார். கற்றதை மும்முறை திருத்தி எழுதினார். உழவர், செம்படவர், வேட்டுவர் ஆகியோரையும் வினாவினார். அழுங்கு எறும்பை உண்ணும் என்று பழைய நூல் கூறியதை ஏட்டளவில் ஏற்காது, அதன் வயிற்றை அறுத்துப் பார்த்து, எறும்பு நிறைந்திருத்தலைக் கண்டார். ஊமத்தம்பூவை மதுவிற் கலந்து தாமே பருகி, அது மதி மயக்குதலை உணர்ந்தார். புண்ணை அறுக்கும்போது நோவு தெரியாதிருக்க அது உதவுமென்றும் எழுதினார். பாதரசம் உண்டால் நீடூழி வாழலாமென்று அரசரும் நம்பிய காலத்தில், அதனால் மாண்டோர் எண்ணிறந்தவர் என்று துணிந்து கூறினார். 1578-இல் நூல் நிறைவெய்தியது. அதில் 1,892 மருந்துகளும் 11,096 மருந்து முறைகளும் அடங்கின. 374 மருந்துகள் அவரே புதிதாகச் சேர்த்தவை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதன் பல பெயர்களையும் நிறுத்தி, முன்னோர் பிழையை இன்னதென்று சுட்டினார். நூலைப் பதிப்பிக்கவோ எளிதில் எவரும் முன்வந்திலர். 1593-இல் அவர் உயிர் நீத்தார். 1596-இலேயே நூல் நான்கிங் நகரில் வெளிவந்தது.

அவர் கூற்றுக்கள் யாவும் இன்றைய அறிவுக்கு ஒத்தன அல்ல. அவரும் பிழைக்கு உட்பட்டவரே. அதற்குச் சான்று ‘சிங்ஹாவ்’ என்னும் பூண்டு. நான்காம் நூற்றாண்டினராகிய கோ ஹுங், விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு அதனை ஒரு பிடி எடுத்து, நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பருகுமாறு எழுதினார். 1967-இல் மலேரியாவுக்கு மருந்து தேடச் சீன அரசு பெருமுயற்சியொன்றைத் தொடங்கியது. 1969-இல் அதிற் சேர்ந்த து யூயூ அம்மையார், பூண்டைக் காய்ச்சியெடுத்த சத்துப் பயன் தராதது கண்டு, பழைய ஏட்டை மீண்டும் நோக்கினார். காய்ச்சுமாறன்றி, ஊறவைத்துப் பிழியுமாறே அங்குக் கூறப்பட்டிருந்தது. வெப்பமே மருந்தின் வலியைக் கெடுக்கின்றது போலும் என உணர்ந்து, குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971 ஒக்ரோபரில் அது சோதனை விலங்குகளில் முற்றும் பலித்தது. ஆர்ட்டிமிசினின் என்னும் அம்மருந்துக்காக 2015-இல் அவர் நொபெல் பரிசு பெற்றார். ஆயின், லீ ஷிசென் சிங்ஹாவ் என்று குறித்த செடியில் அம்மருந்துச் சத்து இல்லை. அவர் வேறு பெயரால் வழங்கிய, மஞ்சட் பூப் பூக்கும் பிறிதோர் இனத்திலேயே அது உண்டு. பெயர் திருத்தியவர் நூலிலும் ஒரு பெயர் திருத்தத்துக்குக் காத்திருந்தது! 1934-35-இல் இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரைக் கொண்ட மலேரியாவின் கொடுமையை முதியோர் வாய்க் கேட்டோர், அவ்வொரு பிடி பூண்டின் பெருமையை உணர்வர்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்றும் உண்டு. 1990-களின் தொடக்கத்திற் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலியும் பொருட்டு மருந்துண்ட பெண்கள் பலர் சிறுநீரகங் கெட்டுத் துன்புற்றனர். அத்தகையோர் தொகை நூற்றைக் கடந்தது. ஆராய்ந்தபோது, ‘பாங்சி’ என்னும் வேருக்குப் பதிலாக, அதனோடு பெயரொப்புமையுடைய ‘குவாங் பாங்சி’ என்னும் நச்சு வேர் மருந்திற் கலந்திருந்தமை புலனாயிற்று. பிற்காலத்தில் அவருட் சிலருக்குப் புற்றுநோயுங் கண்டது.

நேயர்களே, ஒரு பிடி பூண்டு பல இலட்சம் உயிரைக் காத்தது. ஒரு பெயர் மயக்கம் பல குடும்பங்களைக் கலங்கச் செய்தது. மூலிகை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது என்று கொள்ளுதலும், பழையது என்பதனாலேயே பயனற்றது என்று தள்ளுதலும் ஒருதன்மைய அறியாமையே. ஏட்டையும் நம்பினார், செடியையும் கண்ணாற் கண்டார், ஐயந் தோன்றியவிடத்து அறுத்தும் பார்த்தார் அந்தச் சீன வைத்தியர். மருந்தொன்று நம் கைக்கு வரும்பொழுது, இஃது உண்மையில் எது என்று ஒருமுறை கேட்டறிந்த பின்னரே அதனை வாயிலிடுவோமாக.