கிள்ளான் நிலப்படமும் பரங்கிமலைச் சங்கிலியும்

சென்ற தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் சீவிய பெற்றோரின் பிள்ளை. இப்பொழுது கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் ஒன்றில் புவியியல் தகவல் முறையும் தொலையுணர்வுக் கலையும் பயில்கின்றான். வானில் சுற்றும் துணைக்கோள்கள் எடுத்தனுப்பும் படங்களைக் கொண்டு நிலத்தையும் நீரையும் பயிரையும் ஆராய்வதும், அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நோக்குவதுமே அக்கல்வி.

பயிற்சிக்காக அவன் எடுத்துக்கொண்டது தான் பிறந்த தோட்டத்தையே. அங்கு இன்று லயங்கள் இல்லை. வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பழைய மாரியம்மன் கோயில் இருந்த இடத்தைக் குறிக்க எண்ணி, 1960-ஆம் ஆண்டுகளில் அச்சான சர்வே படமொன்றிலிருந்து அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை அளந்தெடுத்து, துணைக்கோள் படத்தின்மீது புள்ளி வைத்திருக்கின்றான். கோயில் பெருஞ்சாலையின் நடுவே போய் விழுந்தது! கோயிலோடு நின்ற அரசமரம் இன்றும் இருக்கிறது. அதற்கும் புள்ளிக்கும் இடையே நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாத தூரம். விரிவுரையாளரைக் கேட்டால், “பழைய படம் எவரெஸ்ட் கணக்கில் வரைந்தது, மாற்றிக்கொள்” என்று சூத்திரம் ஒன்றைக் கொடுத்தாராம். அதைப் போட்டதும் புள்ளி அரசமரத்தை ஒட்டி வந்து நின்றது.

“அது சரி சார், எவரெஸ்ட் மலைக்கும் நம்ம தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்றான் பையன்.

மலைக்குச் சம்பந்தம் ஏதுமில்லை. எவரெஸ்ட் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் கணக்கின் வேரோ தமிழ்நாட்டு மண்ணில் கிடக்கின்றது. ஆசிரியர்களாகிய நாமே பெரும்பாலும் கேள்விப்படாத செய்தியாதலின் சற்று விரித்துரைக்கின்றேன்.

1794-இல் சென்னையில் கும்பினியாரின் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றிற்று. அதை முன்னின்று அமைத்தவர் மைக்கேல் டாப்பிங் என்பார். முதலில் சேர்ந்த மாணவர் எண்மர். அனைவரும் அநாதை விடுதிச் சிறுவர். சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவற்று நின்ற பிள்ளைகளுக்கு அடிக்கணக்கும் கோணக்கணக்கும் கற்பித்தால் குறைந்த செலவில் அளவைக்காரர் கிடைப்பர் என்பதே கும்பினியாரின் எண்ணம். தருமம் என்று இதனைக் கொள்வதற்கில்லை. ஆயினும் அப்பள்ளியே வளர்ந்து பொறியியற் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்து, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கேயே தொலையுணர்வுக்கெனத் தனி நிறுவனமும் அமைந்தது. இத்துறைக் கல்வியின் வாயிலில் முதலில் நின்றவர்கள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அல்லர் என்பதைத் தோட்டப் பள்ளி ஆசிரியனாகிய நான் இருமுறை படித்து மகிழ்ந்தேன்.

அப்பள்ளியில் பயின்ற ஜோஷுவா டி பென்னிங், வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரிக்குத் துணைவரானார். லாம்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலையின் அடியில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏழரை மைல். அளந்த கருவி நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகச் சென்று ஏற்கப்படாமல் திரும்பிய பொருள் அது! சென்னை வெயிலில் எஃகு நீளுமன்றோ? ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, நீட்சியைக் கழித்துக் கணக்கிட்டனர். அவ்வாறு ஏறக்குறைய நானூறு முறை சங்கிலி விழுந்தது. ஒரு பக்கம் தெரிந்தபின் மற்றவை கோணக்கணக்கே. முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் குமரிவரையும் பின்னர் வடக்கேயும் அளவை படர்ந்தது.

தஞ்சைச் சமவெளியில் குன்று ஏது? தென்னையும் பனையும் கண்ணை மறைத்தன. கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்தை மூடிக்கொண்டு ஆறு வாரம் அமர்ந்து அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார். அவர் பெயர் நூல்களில் நிற்கின்றது. கயிறு இழுத்தவர், சங்கிலி தூக்கியவர், பனைமரம் வெட்டியவர் ஆகியோரின் பெயர்களைக் காணோம். அவர்களுட் பெரும்பாலோர் நம்மவராகவே இருந்திருத்தல் வேண்டும்.

1823-இல் லாம்டன் மறைந்தார். அவர் பணியைத் தொடர்ந்தவரே ஜார்ஜ் எவரெஸ்ட். இந்த அளவைகளைக் கொண்டு பூமியின் உருவத்தையும் பருமனையும் கணித்து 1830-இல் அவர் வெளியிட்டதே ‘எவரெஸ்ட் கோளவுரு’. இமயச் சிகரத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது அவர் ஓய்வு பெற்றபின் வந்தவர்கள் செய்த காரியம்.

மலாயாவின் நில அளவையாளரும் இக்கோளவுருவையே சிறிது திருத்தி எடுத்துக்கொண்டனர். பகாங்கிலுள்ள கெர்த்தாவ் என்னுமிடத்தை மூலமாக வைத்து அமைந்த 1948-ஆம் ஆண்டு முக்கோண அளவை அதன்மீது நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கிள்ளானும் பிரிக்பீல்ட்ஸும் இடையிலிருந்த தோட்டங்களும் படத்தில் இடம்பெற்றது அந்தக் கணக்கிலேதான். இக்கணக்கில் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,377 கிலோமீட்டரும் 304 மீட்டரும். மலேசியா 2003-இல் அறிமுகப்படுத்திய புதிய கணக்கிலோ 6,378 கிலோமீட்டரும் 137 மீட்டரும். ஆரம் மட்டுமன்று, பூமியின் மையம் எங்கே என்பதிலும் இரண்டும் மாறுபடுகின்றன. எவரெஸ்ட் கணக்கு இந்திய நிலத்தின் வளைவுக்கு இசைந்தது. துணைக்கோளோ உலகம் முழுவதையும் சுற்றுவது. அதற்குப் பூமியின் உண்மை மையமே மூலம். கோயில் சாலைக்கு ஓடிய காரணம் இதுவே.

இது வெறும் கணக்குப் பிழைதானே எனச் சிலர் நினைக்கலாம். நம் நாட்டுத் தோட்டக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் பெரும்பாலும் தோட்டத்தார் நிலத்தில் எழுந்தவை. தோட்டம் கைமாறும் நாளில், “இங்கே இருந்தது” என்று சொல்ல நம்மிடம் நினைவு இருக்கும்; தாள் இராது. அரசாங்கமே அச்சிட்ட பழைய படத்தில் பள்ளியும் கோயிலும் குறிக்கப்பட்டிருப்பின் அது பெருஞ்சான்று. அச்சான்றை நூற்றைம்பது மீட்டர் தள்ளி வைத்தால் பக்கத்து நிலத்துக்காரனுக்கல்லவா சாட்சியாகிவிடும்? எங்கள் பையன் சூத்திரத்தைக் கேட்டு வாங்கினானே, அது நல்லதாயிற்று. ஆறாம் ஆண்டில் முக்கோணப் பாடம் நடத்தும்போது இக்கதையை நான் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எனக்கே அன்று தெரியாது.

அடுத்த விடுமுறையில் தோட்டத்துச் சுடுகாட்டைத் தேடப்போவதாகக் கூறிச் சென்றிருக்கின்றான். அது அப்படத்தில் இல்லை. லயத்திலிருந்து வெளியேறிக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் முதியவர்கள் சிலரின் பெயர்களை எழுதிக்கொடுத்தேன். இருவரைக் கூடிய விரைவில் பார்க்கும்படி அடிக்கோடிட்டும் அனுப்பினேன்.