நஞ்சுக்கொடி வரை போகும் பிளாஸ்டிக் ரசாயனம்: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பெண்கள் எதைக் கவனிக்கணும்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பலருக்கு விடுதி அல்லது வாடகை அறைதான் வீடு. ஷிப்ட் முடிந்து வரும்போது கையில் பார்சல்: மெல்லிய பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க சாம்பார். குடிக்க கேன் தண்ணீர். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இது ஏன் முக்கியம்?

நஞ்சுக்கொடி வெறும் குழாய் இல்லை

குழந்தைக்கு ஆக்சிஜனும் சத்தும் கொடுப்பதோடு, கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன்களைச் சுரப்பதும் நஞ்சுக்கொடிதான். அதனால்தான் ஹார்மோன் போல நடிக்கும் ரசாயனம் இங்கே வந்தால் சிக்கல்.

முக்கியமானவை இரண்டு. பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ: பாலிகார்பனேட் பிளாஸ்டிக், டின் உணவு டப்பாக்களின் உள்பூச்சு, கடை பில் தாள் ஆகியவற்றில் இருக்கும். ஈஸ்ட்ரோஜென் போல வேலை செய்யும். இது இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு ஏற்பி நஞ்சுக்கொடியில் ஏராளமாக இருப்பதை ஜப்பான் ஆய்வாளர்கள் 2009ல் காட்டினார்கள். இன்னொன்று தாலேட். பிவிசியை வளையச் செய்யச் சேர்ப்பது. வயர் உறையிலும் இருக்கும்.

என்ன பாதிப்பு?

அமெரிக்காவில் 16 ஆய்வுகளில் இருந்த 6,045 கர்ப்பிணிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், சிறுநீரில் தாலேட் கூடுதலாக இருந்தவர்களுக்கு குறைமாதப் பிரசவ வாய்ப்பு 12 முதல் 16 சதவீதம் அதிகம் என்று 2022ல் தெரியவந்தது. இது தொடர்புதான், தாலேட்தான் காரணம் என்ற தீர்ப்பு இல்லை.

மைக்ரோபிளாஸ்டிக் வேறு கதை. 2021ல் இத்தாலியில் 6 நஞ்சுக்கொடிகளைப் பார்த்ததில் 4ல் துகள்கள் கிடைத்தன. 2024ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் ஆராய்ந்த 62ல், அத்தனையிலும் இருந்தது. இருப்பது உறுதி; அதனால் எவ்வளவு கேடு என்பது வேறு கேள்வி. வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இந்த ரெண்டையும் குழப்பிடறாங்க.

நம்ம ஊரில்?

ஒரகடத்தில் இருந்து தூரமில்லாத காட்டாங்கொளத்தூர் எஸ்ஆர்எம் ஆய்வாளர்கள், சென்னை உட்பட பெருநகரங்களில் மின்னணுக் கழிவைப் பிரிக்கும் இடங்களின் மண்ணில் தாலேட்டும் பிபிஏவும் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காவிரி நீரிலும் இவை பதிவாகியுள்ளன.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் பிபிஏவுக்கான தினசரி வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. இந்தியாவில் பால் பாட்டில்களுக்கு பிபிஏ கூடாது என்பது பிஐஎஸ் விதி. ஆனால் குழந்தை பிறந்த பிறகுதானே பாட்டில்! தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. இருந்தும் டீக்கடையில் கேட்டால் கவர் வருது.

என்ன செய்யலாம்?

நல்ல செய்தி: பிபிஏ சில மணி நேரத்திலும், தாலேட் ஓரிரு நாளிலும் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். புதிதாக உள்ளே போவதைக் குறைத்தாலே உடலில் அளவு குறையும். சூடும் எண்ணெயும்தான் ரசாயனத்தை அதிகம் இழுக்கும். சாம்பார், டீக்கு எவர்சில்வர் தூக்கு கொண்டு போங்க. பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் வைக்காதீங்க. தண்ணீர் கேனை வெயிலில் விடாதீங்க. அடியில் முக்கோணத்துக்குள் 1 இருந்தால் பெட், 7 இருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம்.

விடுதியில் சமையல் உரிமை இல்லாத பெண் தனியாக எவ்வளவு மாற்ற முடியும்? உணவு எதில் கட்டி வருது, கேன் எங்கே அடுக்கப்படுது என்பதை முடிவு செய்வது விடுதி நிர்வாகமும் கேன்டீன் ஒப்பந்ததாரரும்தான். கேள்வி அவர்களிடம் போகணும்.