மே மாதமும் சிவில் கோர்ட்டும்



பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்கு மே மாசம் லீவு சரி. சிவில் கோர்ட்டுக்கு எதுக்கு சார்?"

வெள்ளைக்காரர் விட்டுப்போன பழக்கம் அது. இங்கிலாந்தில் நீதிமன்றம் நான்கு பருவங்களில்தான் கூடும். மைக்கேல்மஸ், ஹிலரி, ஈஸ்டர், டிரினிட்டி. எல்லாம் கிறிஸ்தவத் திருநாள் பெயர்கள். டிரினிட்டி முடிந்தால் நீண்ட கோடை விடுமுறை, அங்கே அறுவடைக் காலம். 1873-ஆம் ஆண்டுச் சட்டம் பருவங்களை ஒழித்தது. பெயர்களை மட்டும் இன்றும் விடவில்லை! நமக்கோ சம்பா அறுவடை தை, மாசியோடு சரி. இங்கே விடுமுறை வெயிலுக்காக. மாஜிஸ்திரேட் கோர்ட் மட்டும் மே மாதமும் நடக்கும், ஜாமீன் காத்திருக்குமா?

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. வீராணம் பாசனத்தில் அரைக்காணி நிலம், வரப்புத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் அப்பாவுக்குத் தோல்வி. அப்பீலுக்கு 30 நாள். அந்த முப்பதாவது நாள் மே நடுவில் விழுந்தது. மேல்கோர்ட்டில் பூட்டு. "கெடு முடிஞ்சுது, நிலத்தை மறந்துடுங்க" என்றார் ஊர்க்காரர் ஒருவர். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் சொன்னார்: "கெடு லீவுல முடிஞ்சா, கோர்ட் திறக்கிற அன்னிக்குத் தாக்கல் பண்ணலாங்க. மறுநாள் ஆகாது." காலவரையறைச் சட்டம் 4-ஆம் பிரிவு அது.

ஜூனில் கோர்ட் திறந்த அன்று, முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய், கேட் திறக்கும் முன்பே நின்றார் அப்பா.