ஒரு ட்ரவுட் மீனும் 200 ஆண்டுக் கதையும்

 இது கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஓய்வாகப் படியுங்கள்.

சென்ற வாரம் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். பத்தாம் வகுப்பில் சன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, நான் பானிபட் போர் நடத்தும்போது வெளியே மைனா பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். படத்தில், சுப்பீரியர் ஏரியின் கீவீனா விரிகுடாவில், உறைந்த ஏரியின் மேலேயே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலடியில் பனிக்கட்டியைத் துளைத்த ஒரு சாண் அகல ஓட்டை. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். “சார், இது லேக் ட்ரவுட். நானே பிடித்தது” என்று எழுதியிருந்தார்.

அதைக் குடும்பக் குழுவில் போட்டேன். என் தம்பியின் பேத்தி உடனே கேட்டாள்: “தாத்தா, ஏரியே உறைஞ்சு போச்சுன்னா மீன் எப்படி உயிரோட இருக்கும்?”

நல்ல கேள்வி. பதில் எழுத உட்கார்ந்தேன். அது எங்கெங்கோ போய், அந்த மீன் அந்த ஓட்டைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்ற கதையாகிவிட்டது.

முதலில் பாப்பாவின் கேள்வி. நான் வரலாற்று வாத்தியார். அறிவியல் ஆசிரியர்கள் பிழை இருந்தால் திருத்தலாம். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் ஏரி மேலிருந்துதான் உறைகிறது. பனிக்கட்டி மிதந்து ஏரிக்கு ஒரு மூடிபோல் ஆகிவிடுகிறது. அடியில் 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர் அப்படியே இருக்கும். மீன்கள் அங்கே நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, கொஞ்சமாகத் தின்று காலம் தள்ளும்.

வசந்தத்தில் பனி உருகும்போது மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வந்து, காற்றடித்தால் ஏரி முழுவதும் புரண்டு கலக்கும். இலையுதிர் காலத்தில் மறுபடி ஒருமுறை கலக்கும். ஆழத்துக்குப் பிராணவாயு போய்ச் சேர்வது இப்படித்தான். கோடையில் மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். ட்ரவுட் குளிர் தேடும் மீன். கோடையில் ஆழத்துக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் எங்கும் குளிர்தான் என்பதால் கரையோரம்வரை வரும். நம் மாணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தே அதைப் பிடித்தது இதனால்தான்.

இந்தப் பருவக் கணக்கை முதலில் கற்றவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள். அவர்களில் ஒரு பிரிவினரான ஓஜிப்வேக்களின் மொழியில் பிப்ரவரிக்குச் சக்கர் என்ற மீனின் பெயரால் ‘சக்கர் மீன் நிலா’ என்று பெயர். நவம்பருக்கு ‘நீர் உறையும் நிலா’. பனியில் ஓட்டை போட்டு, மரத்தில் செதுக்கிய பொய் மீனை உள்ளே ஆட்டி, நிஜ மீன் வந்ததும் ஈட்டியால் குத்தி எடுப்பார்கள். மாதப் பெயரிலேயே மீனையும் பனியையும் வைத்திருந்தார்கள் என்றால், அந்த ஏரிகள் அவர்கள் வாழ்வில் எப்படிக் கலந்திருந்தன என்று பாருங்கள்.

ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைக்காதீர்கள். சுப்பீரியர் ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை அப்படியே உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். இப்படி ஐந்து பேரேரிகள்: சுப்பீரியர், மிச்சிகன், ஹ்யூரன், ஈரி, ஒன்டாரியோ. உலகத்தின் நிலப்பரப்பில் கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழிந்து கடைசியில் செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியாக அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது.

கடலிலிருந்து மீன் மேலே ஏறி வர வழியில் ஒரு பெரிய தடை இருந்தது: நயாகரா அருவி. சுமார் 50 மீட்டர் உயரம். எந்த மீனும் அதைத் தாண்ட முடியாது. மேல் நான்கு ஏரிகளுக்கும் அது இயற்கை போட்ட பூட்டு.

அந்தப் பூட்டை மனிதன் திறந்தான். 1829-இல் அருவியைச் சுற்றிக்கொண்டு கப்பல் போக வெல்லண்ட் கால்வாய் திறக்கப்பட்டது. அடைப்புகளில் தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலைப் படிப்படியாக மேலே கொண்டுபோகும் ஏற்பாடு. கோதுமையும் மரமும் கடலுக்குப் போக வழி கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதே வழியாக வேறு என்னவெல்லாம் மேலே வரும் என்பது யார் கணக்கிலும் இல்லை.

வந்தது லாம்ப்ரே. பார்க்க நம் விலாங்கு மாதிரி இருக்கும். ஆனால் விலாங்கு இல்லை. இதற்குத் தாடையே கிடையாது. வட்டமான உறிஞ்சு வாய், உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள். பெரிய மீனின் விலாவில் அட்டைபோல் ஒட்டி, தோலைத் துளைத்து இரத்தத்தைக் குடிக்கும். அட்லாண்டிக்கில் இதனோடு காலங்காலமாக வாழ்ந்த பெரிய மீன்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஏரி ட்ரவுட்டுக்கு இப்படி ஒரு எதிரியே பழக்கமில்லை. ஒரு லாம்ப்ரே தன் வாழ்நாளில் 18 கிலோ வரை மீனைக் கொன்றுவிடும்.

ஒன்டாரியோ ஏரியில் அது 1830-களிலேயே கண்ணில் பட்டது. கால்வாய் பின்னால் ஆழப்படுத்தி மாற்றிக் கட்டப்பட்டது. 1921-இல் ஈரி ஏரியில் லாம்ப்ரே அகப்பட்டது. அதன்பிறகு வேகம் பிடித்தது. 1936-இல் மிச்சிகன் ஏரி, 1937-இல் ஹ்யூரன், 1938-இல் சுப்பீரியர். கதவு திறந்து 90 ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்தவர்களுக்கு, அடுத்த 20 ஆண்டுகளுக்குள் எல்லா ஏரியும் போய்விட்டது.

அதற்கு முன்பு மேல் ஏரிகளில் ஆண்டுக்குச் சுமார் 6,800 டன் ட்ரவுட் பிடிபட்டுக்கொண்டிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அது 140 டன்னுக்கும் கீழே இறங்கியது. மிச்சிகன் ஏரியில் அந்த ஏரிக்கே உரிய ட்ரவுட் அடியோடு அழிந்தது. லாம்ப்ரே மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அளவுக்கு மீறி வலை போட்டதும் சேர்ந்துகொண்டது. தலைமுறை தலைமுறையாக ஏரியை நம்பி இருந்த மீனவக் குடும்பங்கள் படகை விற்றுவிட்டு வேறு வேலை தேடிப் போயின.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

எதிரியை எங்கே அடிப்பது? இத்தனை பெரிய ஏரியில் லாம்ப்ரேயைத் தேட முடியாது. வெர்னன் ஆப்பிள்கேட் என்ற ஆய்வாளர் அதன் வாழ்க்கையைப் பொறுமையாகப் படித்தார். ட்ரவுட் முட்டையிடுவது இலையுதிர் காலத்தில், ஏரிக்குள் இருக்கும் பாறைத்திட்டுகளில். லாம்ப்ரே முட்டையிடுவது வசந்தத்தில், ஏரியில் வந்து சேரும் சிற்றாறுகளில், கூழாங்கல் படுகையில். ஒரு பெண் லாம்ப்ரே 1,00,000 முட்டை வரை இடும், பிறகு இறந்துவிடும். குஞ்சுகள் புழுப்போல ஆற்றுச் சேற்றில் புதைந்து, பல ஆண்டுகள் யாருக்கும் தீங்கில்லாமல் கிடக்கும். பிறகு உருமாறி, பல் முளைத்து, ஏரிக்கு இறங்கி ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு இரத்தம் குடிக்கும்.

ஆக, அது எளிதாக அகப்படும் இடம் அந்தச் சேறுதான்.

ஹ்யூரன் ஏரிக்கரையில் ஹாமண்ட் பே என்ற இடத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஆப்பிள்கேட்டும் அவருடைய குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் லாம்ப்ரே குஞ்சுகளையும் வேறு மீன்களையும் போட்டு, ஒரு இரசாயனத்தை ஊற்றிக் காத்திருப்பார்கள். எல்லாம் செத்தால் உதவாது. எதுவும் சாகாவிட்டாலும் உதவாது. லாம்ப்ரே மட்டும் சாக வேண்டும். அடுத்த ஜாடி. அடுத்த இரசாயனம். இப்படி ஏறத்தாழ 6,000 இரசாயனங்கள்! 1950-களின் பிற்பகுதியில் டி.எஃப்.எம். என்ற ஒன்று அகப்பட்டது. அளவு பார்த்துக் கலந்தால் லாம்ப்ரே குஞ்சு சாகும். பெரும்பாலான மற்ற மீன்கள் பிழைக்கும். 1958 முதல் அதை ஆறுகளில் விடத் தொடங்கினார்கள்.

பிள்ளைகளே, தேர்வில் ஒருமுறை தவறிவிட்டது என்று அழுதுகொண்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். அந்த ஜாடிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து மட்டும் போதவில்லை. ஏரிகளைச் சுற்றி அமெரிக்காவின் 8 மாநிலங்கள், கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். மீன்பிடிக்கு ஒரே விதி வேண்டும் என்று பல பத்தாண்டுகள் பேசியும் ஒத்துப்போகவில்லை. ஒரு கரையில் விதி போட்டால் எதிர்க்கரையில் வலை போடுவார்கள். கடைசியில் அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தது இந்த லாம்ப்ரேதான். 1954-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டு பேரேரி மீன்வள ஆணையம் அமைந்தது. லாம்ப்ரேயின் எண்ணிக்கை பெரும்பாலான இடங்களில் 90 சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

இதற்கிடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. ட்ரவுட் இல்லாத ஏரியில், அதே கால்வாய் வழியே வந்த ஏல்வைஃப் என்ற சின்ன மீன் கணக்கில்லாமல் பெருகியது. 1967 கோடையில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து மிச்சிகன் ஏரிக்கரையில் ஒதுங்கின. நாற்றத்தில் சிகாகோ கடற்கரைப் பக்கம் யாரும் போக முடியவில்லை. ஏல்வைஃபைத் தின்ன வைப்பதற்காக, பசிபிக் கடற்கரையின் கோஹோ சால்மன் குஞ்சுகளை ஹோவர்ட் டேனர் என்ற அதிகாரி முந்தைய ஆண்டே மிச்சிகன் ஆறுகளில் விடச் செய்திருந்தார். 1967 இலையுதிர் காலத்தில் அவை கொழுத்துத் திரும்பின. ஊரே தூண்டிலோடு ஏரிக்கரையில் திரண்டது. செப்டம்பர் 23 அன்று, புயல் எச்சரிக்கையை மதிக்காமல் சிறு படகுகளில் போனவர்களில் 7 பேர் மூழ்கி இறந்தார்கள். மீன் ஆசை எந்தக் காலத்திலும் பருவத்தை மதிக்காதவரைத் தண்டித்திருக்கிறது.

சரி, லாம்ப்ரே ஒழிந்ததா? இல்லை. ஒழிக்க முடியாது என்பதுதான் இந்தக் கதையின் கசப்பு. ஒவ்வோர் ஆண்டும் பனி உருகியதும் இரு நாட்டு ஊழியர்களும் ஆறு ஆறாகப் போகிறார்கள். சேற்றைச் சோதித்து, மருந்தின் அளவைக் கணக்கிட்டு, இரவும் பகலும் காத்திருந்து விடுகிறார்கள். ஒரே ஆற்றுக்குச் சில ஆண்டுகளில் மறுபடி வர வேண்டும். மானிஸ்டிக் என்ற ஆற்றில் பழைய தடுப்பணை ஒன்று சிதைந்தபோது, லாம்ப்ரே அதைத் தாண்டி ஏறி, ஏரியின் வடபகுதியில் மீண்டும் பெருகியது. 2020-லும் 2021-லும் கொரோனாவால் இந்த வேலை பெருமளவு குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே லாம்ப்ரேயின் எண்ணிக்கை ஏறியது. இரண்டு பருவம் தவறியதற்கே அந்த விலை.

கால்வாயைத் திறக்க ஒரு நாள் விழா போதுமாக இருந்தது. அதன் விளைவைக் கட்டுக்குள் வைக்க ஆண்டுதோறும் உழைக்க வேண்டியிருக்கிறது, முடிவே இல்லாமல். வரலாற்றுப் புத்தகத்தில் திறப்பு விழாவுக்குத் தேதி இருக்கும். சேற்றில் இறங்கி நிற்பவர்களுக்குத் தேதி இருக்காது. 35 ஆண்டுகள் நானும் தேதிகளைத்தான் உங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். இந்தத் தேதியில்லாதவர்களைப் பற்றி வகுப்பில் சொல்லாமல் விட்டது என் குறைதான். இப்போது சொல்லிவிட்டேன்.

2024 நவம்பரில் பேரேரி மீன்வள ஆணையம் ஒரு நல்ல செய்தி சொன்னது. சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் ட்ரவுட் முழுமையாக மீண்டுவிட்டது. 60 ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பின் பலன். படத்தில் நம் மாணவர் கையில் இருக்கும் மீன் அந்த உழைப்பால் கிடைத்தது.

தம்பி, மீனை ருசித்துச் சாப்பிடு. ஆனால் பனியின் கனம் பார்த்துக் கால் வை. நல்ல தெளிவான பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. 2014-இல் பேரேரிகளின் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் உறைந்தது. 2024 பிப்ரவரி நடுவில் 3 சதவீதம்கூட உறையவில்லை. போன வருஷம் நின்ற இடம்தானே என்று இந்த வருஷம் நம்பிப் போய்விடாதே. வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

பாப்பாவுக்கு: மேலே மூடி இருப்பதால் மீன் கீழே உயிரோடு இருக்கிறது, கண்ணு. அதை அழியாமல் வைத்திருக்க ஆற்றோரமாய்ச் சில பேர் வருஷா வருஷம் வேலை செய்கிறார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.